காலர் ஜூடித் தைத்த போர்வை

ஜூடித்தை யாராவது டெய்லர் என்று சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். தலையை மட்டும் கொஞ்சம் குனிந்துகொள்வாள். லிங்கராஜபுரத்தில் அவள் தெருவுக்கே அவள் டெய்லரம்மாதான். பீன்யாவில் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் பதினைந்து வருஷமாக மெஷின் ஓட்டுகிறவளை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் தனக்கும் கர்த்தருக்கும் மட்டுமே தெரியும் என்று அவள் நம்பியிருந்த சங்கதி ஒன்று உண்டு. ஜூடித்துக்கு ஒரு சட்டை தைக்கத் தெரியாது.

சிரிக்காதீர்கள். கம்பெனியில் சட்டை தைக்கிற முறையே அப்படி. ஒருத்தி கைப்பட்டி தைப்பாள், ஒருத்தி பாக்கெட் வைப்பாள், ஒருத்தி தோள் சேர்ப்பாள். முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து முப்பது வேலை. அந்த வரிசைக்கு லைன் என்று பேர். ஜூடித்துக்கு வாய்த்தது காலர். கழுத்தில் காலரை வைத்து ஒரு சுற்று ஓட்டி அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். மணிக்கு அறுபது. சேர்ந்த முதல் வாரம் சூப்பர்வைசர் அவளை அந்த மெஷினில் உட்காரவைத்தார், நன்றாக வருகிறது என்றார், அத்தோடு அவள் தலையெழுத்து முடிந்தது. நன்றாகச் செய்கிறவளை இடம் மாற்ற எந்த மடையன் சம்மதிப்பான்? லைனில் அவள் பேரே காலர் ஜூடித் ஆகிவிட்டது. அவள் வைத்த காலர்கள் எந்தெந்த தேசத்து ஆண்களின் கழுத்தைச் சுற்றிக் கிடக்கின்றனவோ தெரியாது. ஒரு முழுச் சட்டை அவள் கையிலிருந்து இறங்கியதில்லை.

வீட்டிலும் மெஷின் கிடையாது. புத்தக பைண்டிங் வேலை செய்யும் அவள் புருஷன் சிரில் ஒருமுறை, யாரோ விற்கிறார்கள், பழசு ஒன்று வாங்கட்டுமா என்று கேட்டான். "அந்தச் சத்தத்தை வீட்லயும் கேட்டா நான் செத்தே போயிடுவேன்" என்றாள். அதோடு அவன் வாயைத் திறக்கவில்லை.

அப்படியானால் மகள் ஷீபாவின் கிறிஸ்துமஸ் கவுன்களை யார் தைத்தது? நல்ல கேள்வி. வருஷா வருஷம் துணியை எடுத்துப்போய் மெயின் ரோட்டு முனிகிருஷ்ணன் கடையில் கொடுப்பாள். தைத்து வந்ததைக் கம்பெனிக்குக் கொண்டுபோகும் பையில் போட்டு, கம்பெனியிலிருந்து வருவது போலவே வீட்டுக்குள் வருவாள். "எங்க மம்மி தச்சது" என்று ஷீபா தெருவெல்லாம் சுற்றிக் காட்டுவாள். ஜூடித் அடுப்பங்கரையில் நின்று பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

அந்த ஷீபா இப்போது முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கட்டிக்கொடுத்த இடம் சந்தாபுரா. எட்டாம் மாதம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம், ஜூடித் வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி வந்து காலை நீட்டி உட்கார்ந்த நேரம், ஷீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மம்மி, பாப்பாக்கு ஏதாச்சும் தச்சிக் குடு."

"அதுக்கென்னா, குடுத்துட்டா போச்சு."

"இந்த வாட்டி முனிகிருஷ்ணன் கைல குடுக்காத மம்மி. நீயே தை."

ஜூடித்துக்குக் காது அடைத்துப்போயிற்று. "உனக்கு எப்பத்துலருந்து தெரியும்?" என்று கேட்டாள்.

"தேர்ட் ஸ்டாண்டர்ட் படிக்கச்சயே. கடைல என் கவுன் தொங்கிட்டு இருந்துச்சி, ஸ்கூல் விட்டு வர்றப்ப பாத்தேன்." ஷீபா சாதாரணமாகத்தான் சொன்னாள். கோபமில்லை, குத்தலில்லை. அதுதான் ஜூடித்தை அறுத்தது. பதினைந்து வருஷமாக இந்தப் பெண் தெரிந்துகொண்டே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாளே! அன்றைக்கு ஜூடித்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எப்படியும் ஒன்றே ஒன்று, தலையிலிருந்து கால்வரைக்கும் தன் கையாலேயே தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தாள். எதில் தைப்பது, எங்கே தைப்பது என்பதுதான் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மௌரீன் ஆன்ட்டி அறிவிப்புக் கொடுத்தார். மௌரீன் ஆன்ட்டி ரிட்டயர்டு டீச்சர். மகனோடு ஆறு மாதம் நியூசிலாந்தில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே பெண்கள் கூடி உட்கார்ந்து துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பதைக் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து அவர் வாயில் வேறு பேச்சே கிடையாது. அதை குவில்ட் என்றுதான் சொல்ல வேண்டும். நம்ம கவுதிதானே என்று கன்னடத்தில் யாராவது சொல்லிவிட்டால் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். சுதந்திர தினத்தை ஒட்டி மூன்று நாள், அத்திபெலே போகிற வழியில் சர்ச்சுகள் முகாம் நடத்துகிற ஒரு ரிட்ரீட் ஹவுஸில் பெண்கள் ஐக்கியத்தின் குவில்ட்டிங் ரிட்ரீட். ஆளுக்கு ஒரு குழந்தைப் போர்வை. கடைசி நாள் அவற்றை ஆராதனை மேஜையில் வைத்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார். மெஷின்கள் டெம்போவில் வரும் என்றதும் ஜூடித் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சனி ஞாயிறு லீவுதான். வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் சூப்பர்வைசரிடம் நின்று கெஞ்சி வாங்கிக்கொண்டாள்.

பன்னிரண்டு பெண்கள் போனார்கள். நீளமான ஹால், ஜன்னலுக்கு வெளியே தைல மரங்கள், ஆறு மெஷின்கள். மௌரீன் ஆன்ட்டி எல்லோருக்கும் ஒரே மாதிரி அட்டை வெட்டிக் கொடுத்தார். அட்டையை வைத்துச் சதுரச் சதுரமாகத் துணி வெட்ட வேண்டும். மூன்று மூன்றாக ஒன்பது சதுரம் சேர்ந்தால் ஒரு கட்டம். பன்னிரண்டு கட்டம் சேர்ந்தால் மேல்துணி. அதற்கடியில் பஞ்சு விரிப்பு, அதற்கும் அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்து ஓரம் கட்டினால் போர்வை. ஜூடித் மஞ்சளும் நீலமும் எடுத்துவந்திருந்தாள். மஞ்சளும் நீலமும் மாறி மாறி வர வேண்டும்.

அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள், கை தானாக ஓடியது. மஞ்சள், நீலம், மஞ்சள். நூலைக்கூட அறுக்காமல் அடுத்தது. மஞ்சள், நீலம், மஞ்சள். கம்பெனிப் பழக்கம். ஒரு வேலையை எடுத்தால் கட்டாக வருகிற பண்டில் முழுக்க அந்த ஒரே வேலையை முடித்துவிட்டுத்தான் கை ஓயும். சுற்றியிருந்தவர்கள் ஊசியில் நூல் கோப்பதற்குள் அவள் மடியில் முப்பது பட்டைகள் குவிந்துவிட்டன. அப்புறம்தான் கூடையைப் பார்த்தாள். மஞ்சள் தீர்ந்துவிட்டது. நீலம் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. கட்டத்துக்கு நடுப்பட்டை நீலம், மஞ்சள், நீலம் என்று வர வேண்டும், அதை ஒன்றுகூடத் தைக்கவில்லை. முப்பது பட்டை தைத்தவள் ஒரு தடவையாவது நிறுத்தி, என்ன வருகிறது என்று பார்த்திருக்க வேண்டாமா? அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆறு பட்டைகளைப் பிளேடால் பிரித்தாள். இனிமேல் கட்டம் கட்டமாகத்தான் தைப்பது என்று மூன்று பட்டைகளை எடுத்து மெதுவாகச் சேர்த்தாள். முதல் கட்டம் முடிந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளங்கை இரண்டைச் சேர்த்து வைத்த அகலம்தான். ஆனால் முழுசு! அடுத்தவளிடம் தள்ள வேண்டாம். நாற்பத்து நாலு வயசில் இந்தத் துணித் துண்டுக்கா கண் கலங்குவது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டினாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

அப்போது வந்து சேர்ந்தாள் ப்ரிஸில்லா. டெலிபோன் ஆபீஸில் வேலை, வாய் ஓயாது, மனசு தங்கம். "ஐயோ ஜூடித், இன்னா ஸ்பீடுப்பா உனக்கு! என்னுது பாரேன், கோணிக்கிட்டே போவுது. இந்த ஒரு லைன் மட்டும் ஓட்டிக் குடேன். அஞ்சே நிமிஷம்."

ஜூடித் வாங்கிக்கொண்டாள். வாங்காமல் என்ன செய்வாள்? லைனில் முன்னால் வந்து விழுந்த பண்டிலைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. விழுந்தால் கை எடுக்கும். ஐந்து நிமிஷம் அரை மணி ஆயிற்று. ப்ரிஸில்லாவுக்குக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு இன்னொருத்தி வந்தாள். மூலை சேரவில்லை என்று ஒருத்தி, நூல் சிக்கிக்கொண்டது என்று ஒருத்தி. மத்தியானம் கரண்ட் போனதும் மிதி மெஷின் இரண்டுதான் ஓடியது. அதில் ஒன்றில் ஜூடித்தை உட்காரவைத்து எல்லோரும் சுற்றி நின்றார்கள். மௌரீன் ஆன்ட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாருங்க, கடவுள் குடுத்த தாலந்து!" என்றார். தாலந்தாவது மண்ணாவது, தோள்பட்டை விண் விண் என்று தெறித்தது. கம்பெனியிலாவது நாலரைக்கு மணி அடிப்பார்கள்.

சனிக்கிழமையும் அதே கதைதான். காலையில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வாயில் மிட்டாய் கரைவதற்குள் மடியில் வேறு யாருடைய போர்வையோ வந்து விழுந்தது. நடு நடுவே தன்னுடையதை எடுப்பாள், இரண்டு பட்டை சேர்ப்பாள், யாராவது கூப்பிடுவார்கள். சாயங்கால ஜெபத்துக்கு எல்லோரும் சேப்பலுக்குப் போனபோது ஜூடித் தலைவலி என்று சொல்லிவிட்டு ஹாலிலேயே இருந்தாள். பொய்யில்லை, தலை வலிக்கத்தான் செய்தது.

ஹாலில் இன்னொருத்தியும் இருந்தாள். சங்கமித்ரா. ப்ரிஸில்லாவின் ஆபீஸில் வேலை செய்பவள், அல்சூர்க்காரி. பௌத்தக் குடும்பம், தையலுக்காக மட்டும் வந்தவள், ஜெப நேரத்தில் தைல மரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். அன்று தூறல் விழுந்ததால் உள்ளே வந்திருந்தாள். இந்த இரண்டு நாளில் ஜூடித்திடம் துணி நீட்டாத ஒரே ஆள் அவள்தான். அவள் போர்வை கோணல் மாணலாக இருந்தது, அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

"அக்கா, உங்களுது எத்தினி கட்டம் ஆச்சு?"

"மூணு."

"பன்னெண்டுல மூணா! ஊரு வேலயெல்லாம் இழுத்துப் போட்டுக்கினா எப்படிக்கா ஆவும்? முடியாதுன்னு சொல்றது தானே."

அந்த அக்கறைக்கு ஜூடித் உடைந்துபோனாள். காலர், முனிகிருஷ்ணன், கவுன், ஷீபா சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லாததை அல்சூர்க்காரி ஒருத்தியிடம், பழகி இரண்டு நாள்கூட ஆகாதவளிடம் சொன்னாள். "என் பொண்ணுக்கு ஒன்னே ஒன்னு குடுக்கணும்மா. நாளைக்கு விட்டா எனக்கு மெஷினுக்கு எங்க போறது? திங்கக்கிழமைலருந்து திரும்பவும் காலரு" என்றாள்.

சங்கமித்ரா நல்லவள். நல்லவளாக இருந்ததுதான் வினை. அவளால் மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை. காலர் கதையை அவள் சொல்லவில்லை, அந்த மட்டும் புண்ணியம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைப் பலகாரத்தின்போது எல்லோருக்கும் நடுவில் கேட்டுவிட்டாள்: "நம்ம எல்லாருதும் முடிஞ்சிடுச்சி. முடிச்சிக் குடுத்த அக்காவுது மூணு கட்டத்துல நிக்குது. இது நியாயமா?"

இட்லித் தட்டுகள் அப்படியே நின்றன. ப்ரிஸில்லா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஐயய்யோ, நாங்க பாவிங்க! ஜூடித், நீ ஏம்ப்பா வாயத் தொறந்து சொல்லல?" மௌரீன் ஆன்ட்டி எழுந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "சிஸ்டர்ஸ், ஆராதனைக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. எல்லாரும் கை வெச்சா ஜூடித்து குவில்ட்ட முடிச்சிடலாம்."

அவ்வளவுதான். ஜூடித் டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஹாலில் மேஜைகளை வரிசையாக இழுத்துப் போட்டார்கள். இரண்டு பேர் பட்டை சேர்க்க, மூன்று பேர் கட்டம் சேர்க்க, ஒருத்தி நூல் வெட்ட, ஒருத்தி இஸ்திரி போட. மௌரீன் ஆன்ட்டி கையில் அட்டையோடு மேஜை மேஜையாக நடந்து அளவு பார்த்தார், கால் இஞ்ச் பிசகினாலும் பிரித்துத் தைக்கச் சொன்னார். ஜூடித் வாசலில் நின்று பார்த்தாள். இது லைன். இத்தனை தூரம் வந்தும் கண்ணெதிரே அச்சு அசல் லைன்.

"வேணாம் ஆன்ட்டி, நானே..." என்று ஆரம்பித்தாள்.

"சும்மா இரு. ரெண்டு நாளா எங்களுக்கு நீ செஞ்ச. இன்னைக்கு நாங்க செய்யறோம். உனக்குத்தான் எட்ஜ் நல்லா வருது, கடைசில ஓரம் மட்டும் நீ கட்டிடு" என்றார் மௌரீன் ஆன்ட்டி.

ஓரம் மட்டும்! ஜூடித்துக்குச் சொல்ல வார்த்தை இருந்தது. இதைத் தொடாதீர்கள், முடியாவிட்டாலும் பரவாயில்லை, என்னுடையது என்னிடமே இருக்கட்டும் என்று கத்தியிருக்கலாம். ஆனால் பதினொரு முகங்களும் அன்பில் பளபளத்துக்கொண்டிருந்தன. அன்போடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு வேண்டும், அவளிடம் அது இல்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பதினோரு மணிக்குப் போர்வை அவள் மெஷினுக்கு வந்தது. நாலு பக்கமும் ஓரம் ஓட்டினாள். அவளுக்கே தெரிந்தது, ஓரம் அழகாக வந்திருந்தது.

ஆராதனை மேஜையில் பன்னிரண்டு போர்வைகளை விரித்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, கர்த்தர் என் கைகளைப் பலப்படுத்தினார் என்று சாட்சி சொன்னாள். ஜூடித்தின் முறை வந்தபோது மௌரீன் ஆன்ட்டியே மஞ்சள் நீலப் போர்வையைத் தூக்கிப் பிடித்தார், இதுதான் ஐக்கியத்தின் அன்பு என்றார், எல்லோரும் கை தட்டினார்கள். ஜூடித் எழுந்து, "எல்லாருக்கும் தேங்க்ஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சங்கமித்ரா மட்டும் கை தட்டவில்லை. வேனில் ஏறும்போது அவள் ஜூடித்தின் கையைப் பிடித்து, "தப்பு பண்ணிட்டேன்க்கா" என்றாள். "உம்மேல இன்னா தப்பு" என்று ஜூடித் சொன்னாள். அது உண்மைதான். இறங்கும்வரை வேனில் தூங்கினாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டு வாசலில் பையை வைத்ததும் ஷீபா போர்வையை உருவிக்கொண்டாள். வயிற்றின்மேல் விரித்துப் பார்த்தாள்.

"மம்மி! சூப்பரா கீது! நீயா தச்ச?"

ஆமாம் என்று சொன்னால் போதும். பழகிய பொய்தான், ஷீபாவும் பழகிய மாதிரியே தலையாட்டிவிடுவாள். ஜூடித் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மூணு கட்டமும் ஓரமும் நானு. மத்ததெல்லாம் சேத்தது அவங்க" என்றாள்.

ஷீபா முகம் சுருங்கவில்லை. "மூணு இருந்தா போதும் மம்மி. எந்த மூணு, காட்டு."

ஜூடித் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையை மடியில் இழுத்தாள். முதல் வரிசையைப் பார்த்தாள். இரண்டாவது. திருப்பிப்போட்டுப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். மௌரீன் ஆன்ட்டியின் அளவுக் கண் அப்படி. பன்னிரண்டு கட்டமும் பிசகில்லாமல் ஒன்றுபோலவே இருந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் கண் கலங்கிய அந்த முதல் கட்டம்கூட எது என்று தெரியவில்லை. பெற்ற பிள்ளையைக் கூட்டத்தில் விட்டவள் மாதிரி விரலால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"தெரியலடி" என்றாள். "எனக்கே தெரியல."

சிரில் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு டீ போடப் போனான். ஜூடித் எழுந்து பையைத் துழாவிப் பிளேடை எடுத்தாள், ஓரத்தில் ஒரு நுனியைத் தூக்கி, நறுக்கென்று முதல் தையலை அறுத்தாள்.

டீ டம்ளரோடு வந்த சிரில் பதறிப்போனான். "ஏய், இன்னா பண்ற? பைத்தியம் கீய்த்தியம் பிடிச்சிக்கிச்சா? இவ்ளோ அழகா கீது!"

"அழகாத்தான் கீது."

"பின்ன?"

"ஊசில தச்சிக்கிறேன். என்னுதா தச்சிக்கிறேன். கம்பெனி விட்டு வந்து டெய்லி ரெண்டு தையல் போட்டாலும் போதும்."

"நீ வர்றப்பவே உசுரில்லாம வர்ற. எப்பத் தைப்ப?"

அவன் கேட்டதில் தப்பில்லை. தோள்பட்டை இப்போதே எரிந்துகொண்டிருந்தது, விடிந்தால் ஆறே காலுக்குப் பஸ். அவள் ஓரத்தையும் மூன்று அடுக்கைச் சேர்த்த தையலையும் பிரித்து முடித்து, பஞ்சை உருவி மடித்து வைத்துவிட்டு, மேல்துணியில் கை வைத்தாள். ப்ரிஸில்லா தைத்த இடம் இதுவோ, மௌரீன் ஆன்ட்டி இரண்டு தரம் தைக்கச் சொன்ன இடம் அதுவோ, யார் கண்டது. மனசில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஒரு துளி கோபம்கூட அவளுக்கு இல்லை. களைப்புத்தான் மலையாக இருந்தது.

ஷீபா மெல்ல நகர்ந்து வந்து போர்வையின் மறுமுனையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டாள். தலையிலிருந்த ஊக்கை உருவி, அதன் முனையால் ஒரு தையலை நிமிண்டித் தூக்கினாள்.

"பிரிக்கறதுக்கு வா. தைக்கறதுக்கு வராத" என்றாள் ஜூடித்.

"தைக்கறதுக்கு எனக்கு எங்க தெரியும்? உம்பொண்ணு தானே நானு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஜூடித்துக்குச் சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று சதுரங்கள் பாயில் சேர்ந்துகொண்டிருந்தன.

"பாப்பா பொறக்கறதுக்குள்ள முடிஞ்சிடுமா மம்மி?"

"முடியாது" என்றாள் ஜூடித். மூன்று நாளாய்ச் சொல்ல வராத அந்த வார்த்தை இப்போது சுலபமாக வந்தது. "நான் தச்சி முடிக்கிற வரைக்கும் அது உன் புடவைய போத்திக்கினு தூங்கட்டும்."